கையுறை போடும்மா: தங்க வயலில் என் மாணவிகளோடு ஒரு நாள்

இந்த வலைப்பதிவுக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் அருவி கிடையாது, மலைக்கோட்டை கிடையாது, எந்த ஓட்டலில் தோசை முறுகலாக வரும் என்ற ஆராய்ச்சியும் அவ்வளவாகக் கிடையாது. பெங்களூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துவது என் பிழைப்பு. ஊர் சுற்றுவது ஞாயிற்றுக்கிழமை வியாதி. இந்த முறை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் ஆண்டு மாணவிகள் பதினோரு பேரையும் சக ஆசிரியை ஷீலாவையும் கூட்டிக்கொண்டு கோலார் தங்க வயலுக்குப் போய்விட்டு வந்தேன். போய்விட்டு வந்தேன் என்று இப்போது சாதாரணமாக எழுதுகிறேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வாய் காபிகூட ஒழுங்காக இறங்கவில்லை.

ஏன் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரைக் கேட்டால் பழைய சிலைகளுக்கு வேலி போடுகிற விஷயம் போலத் தோன்றும். அதெல்லாம் இல்லை. ஒரு நோயாளி நம்மிடம் வருகிறார். அவருடைய சாதி, மொழி, நிறம், ஊர் எதை வைத்தும் அவரைக் குறைத்து நடத்தாமல் சிகிச்சை கொடுத்தோமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி. நர்ஸோ டாக்டரோ ‘நாங்கள் நன்றாகத்தான் நடத்தினோம்’ என்று சொல்லிக்கொண்டால் செல்லாது. பாடம் இவ்வளவுதான். வெளிநாட்டில் இதை நிறவெறியோடு சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள். நம் ஊரில் சாதியைப் பேசாமல் இதில் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியாது.

வகுப்பில் எல்லாம் பிரமாதமாக நடக்கிறது. ‘அனைவரும் சமம்’ என்று எழுதி எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பயம். அதனால் நிஜ மனிதர்களிடம் கூட்டிப் போவது என்று முடிவு செய்து, தங்க வயலில் ஆஷா பணியாளராக இருக்கும் மேரியைப் பிடித்தேன். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை மேரிக்கு. அவர் ஒரு லைனில் ரத்த அழுத்தம் பார்க்கிற சின்ன முகாமுக்கு ஏற்பாடு செய்தார். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகள். எந்த லைன் என்று எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் மேரியிடமிருந்து போன்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். இங்க சரோஜாக்கான்னு ஒருத்தங்க கீறாங்க. ஷுகர். காலுல புண்ணு. ஒரு மாசமா யாருக்கும் காட்ட மாட்றாங்க, எனக்கே காட்டல. துணி சுத்தி வெச்சிகினு கீறாங்க. வாசன வருது மேடம்.”

“ஆஸ்பத்திரிக்கு?”

“அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. பெங்களூர்ல வேலைக்குப் போய்கினு இருந்தாங்க. அங்க ஒரு கிளினிக்ல அசிங்கப்படுத்தி அனுப்பிட்டாங்க. அன்னிக்கி வந்து கதவச் சாத்தினவங்கதான். உங்க பொண்ணுங்க வந்தா காட்டுங்கன்னு கெஞ்சிக் கூத்தாடி வெச்சிருக்கேன். சரின்னுட்டாங்க. ஆனா ஒண்ணு மேடம், ஒரு பொண்ணு மூஞ்சச் சுளிச்சாலும் போச்சு. அப்புறம் யாரு வந்தாலும் காட்ட மாட்டாங்க. காலு போயிடும்.”

சர்க்கரை நோயாளியின் காலில் ஒரு மாதப் புண், வாசனை வேறு. அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நான் முன்னால் வேலை பார்த்த வார்டில் முழங்காலுக்குக் கீழே எடுத்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் கால் இருக்குமா போகுமா என்பது இருபது வயதுப் பிள்ளைகளின் முகச்சுளிப்பில் வந்து நிற்கிறது. ‘வேண்டாம், நீங்களே எப்படியாவது கூட்டிப் போங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டு மூன்று இரவு தூங்காமல் கிடந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையத்தில் கூடினோம். பங்காருபேட்டைக்குச் சாதாரண ரயிலில் முப்பது ரூபாய், ஒன்றரை மணி நேரம். தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. எதிர்ப் பக்கம், தங்க வயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்திலிருந்து வந்து நின்ற ரயிலைப் பார்த்தால் மூச்சு முட்டியது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தங்க வயல்காரர்கள் பாதிப் பேர் பொழுது விடியும் முன்னே பெங்களூருக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

“இவங்க எல்லாம் நம்ம ஊர்லயா வேலை பாக்கறாங்க மேடம்?” என்று கேட்டாள் அக்ஷதா. ஷிவமொக்கா பெண். வீட்டில் கன்னடம், விடுதியில் தமிழ் கற்றுக்கொண்டாள். வகுப்பில் முதலிடம். கட்டுப் போடுவதில் அவள் கை அவ்வளவு சுத்தம், அவ்வளவு மெது.

“நாம டியூட்டி பார்க்கிற வார்டைப் பெருக்குறவங்ககூட இதுல இருப்பாங்க” என்றேன். அவள் ஜன்னல் வழியாக அந்த ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜாம்மாவின் காலை இவளிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று நான் முன்பே மனதில் முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் என்னைப் போலப் பேய்முழி முழித்துக்கொண்டு வருவாள்.

பங்காருபேட்டையில் இறங்கி ராபர்ட்சன்பேட்டைக்குப் பேருந்து. அரை மணி நேரம், ஆளுக்கு இருபது ரூபாய். பேருந்து நிலையத்துக்கு வெளியே நாஷ்டா முடித்தோம். இட்லி சூடாக இருந்தது, சட்னி காரம். பிள்ளைகள் வெளுத்துக் கட்டினார்கள். நான் ஒரு இட்லியை உதிர்த்து உதிர்த்து உப்புமா ஆக்கிக்கொண்டிருந்தேன். ஷீலா என் தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று ஆட்டோ பேசினோம், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். எங்கள் ஆட்டோ டிரைவர் பெயர் முருகேசன்.

“இன்னா மேடம், சொரங்க ஷாஃப்ட் பாக்கணுமா? சினிமா பாத்துட்டு வர்றவங்க எல்லாம் அத்தத்தான் கேக்கறாங்க. உள்ள வுட மாட்டாங்க, பூட்டிக் கீது. சயனைடு மேட்டுல நின்னு போட்டோ எடுத்துக்கலாம்.”

“முகாமுக்கு வந்திருக்கோம்ப்பா. பிரஷர் பார்க்க.”

“அப்ப எனக்கே பாருங்க. பொண்டாட்டி வேலைக்குப் போனா எறங்குது, வந்தா ஏறுது” என்று சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் சயனைடு மேடுகள் வந்தன. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்து எடுத்த பிறகு கொட்டிய மண்தான், குன்று குன்றாக நிற்கிறது. ஜூலைக் காற்றில் வெள்ளைத் தூசு கிளம்பிக் கண்ணில் அப்பியது. ஒரு மாணவி முகமூடியை எடுத்து மாட்டினாள். ‘ஐயையோ, லைனுக்குள்ளும் இப்படியே போய் நின்றால் என்ன நினைப்பார்கள்’ என்று எனக்குப் படபடத்தது. உடனே ‘தூசுக்கு முகமூடி போடாமல் என்ன செய்வாள், பாவம்’ என்றும் தோன்றியது. அன்றைக்கு எதைப் பார்த்தாலும் எனக்கு இப்படித்தான் இரண்டு இரண்டாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

முகாம் லைன் முனையில் இருந்த சமுதாயக் கூடத்தில். பத்தரைக்குத் தொடங்கினோம். முன்னாள் தொழிலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். இருமல் சத்தம் ஓயவே இல்லை. எல்லாரும் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். இன்னொன்றையும் கவனித்தோம். ஒவ்வொருவர் கையிலும் மடித்த துண்டு ஒன்று, இன்னொரு துணி ஒன்று. நாற்காலியில் ஒரு துணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். துண்டை இரண்டாக மடித்துத் தங்கள் கையில் தாங்களே சுற்றிக்கொண்டு, அதன்மேல் பிரஷர் பட்டையைக் கட்டச் சொல்லி நீட்டினார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அப்படியே செய்தார்கள்.

அக்ஷதாவுக்கு ஒரே ஆச்சரியம். “எவ்வளவு சுத்தம் பாருங்க மேடம்! இது இவங்க கல்ச்சர் போல. என் அறிக்கையில எழுதிக்கறேன்.”

“நல்ல கவனிப்பு” என்று தட்டிக்கொடுத்தேன். ஆமாம், நான்தான். பத்து வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறவள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கணக்கு இடித்தது. ஒரு பெரியவருக்கு அழுத்தம் தாறுமாறாகக் காட்டியது. மறுபடி பார்த்தால் வேறு எண். தடிமனான துண்டின்மேல் பட்டையைச் சுற்றினால் அளவு சரியாக வராது என்பது முதலாம் ஆண்டுப் பாடம். துண்டை எடுத்துவிட்டுக் கட்டச் சொன்னேன். அக்ஷதா துண்டை அவிழ்த்து, அவர் கையைப் பிடித்து நேராக்கி, தோளுக்குக் கீழே வெறும் கையில் பட்டையைச் சுற்றினாள். அந்த மனிதர் கூச்சத்தோடு கையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

“உனக்குப் பரவால்லியாம்மா?” என்று கேட்டார்.

“எதுக்கு தாத்தா?”

“தொடுறதுக்கு.”

அக்ஷதாவுக்குப் புரியவில்லை. மேரிதான் வந்து மெதுவாகச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் வேறு எங்கிருந்தோ ஒரு முகாம் வந்ததாம். வந்தவர்கள் இவர்கள் இன்ன சாதி என்று விசாரித்துக்கொண்டு, துணி கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். “அதுலேர்ந்து யார் வந்தாலும் துணியோடத்தான் வர்றது. அவங்க சொல்றதுக்கு முந்தி நாமளே எடுத்துகினு போயிட்டா மானம் மிச்சம்னு.”

பெரியவர், “இன்னா எவ்ளோ கீது, சொல்லும்மா” என்றார். அக்ஷதா எண்ணைச் சொன்னாள். எழுந்து வெளியே போனாள். போய்ப் பார்த்தால் குழாயடியில் திரும்பி நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

“அவமானத்தைப் போய்க் கல்ச்சர்னு எழுதினேனே மேடம்.”

“நான் அதுக்கு சபாஷ் வேற போட்டேன். வா, இன்னும் பதினைந்து பேர் காத்திருக்காங்க” என்றேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் “துண்டு வேண்டாம்மா, வெறுங்கைதான் சரியா காட்டும், தொடலாமா?” என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். சில பேர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். சில பேர் விடவே இல்லை. விடாதவர்களுக்கு மெல்லிய ரவிக்கைக் கைமேல் கட்டிப் பார்த்தோம்.

ஒரு மணிக்கு முகாம் முடிந்தது. இப்போது சரோஜாம்மா வீடு. அக்ஷதாவைக் கூட்டிப் போகலாமா? அழுத கண், சிவந்த மூக்கு. வேறு யாரையாவது மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் புண்ணைக் கையாள அவளைவிட நல்ல கை அந்தக் கூட்டத்தில் இல்லை. மற்றவர்களைச் சாப்பிட ஷீலாவோடு அனுப்பிவிட்டு, அக்ஷதா, மேரி, நான் மூன்று பேரும் கிளம்பினோம். வழியில் விஷயத்தை அவளிடம் சொன்னேன். “முகத்தைச் சுளிக்காதே. அவங்க காலு உன் கையில” என்றேன். இப்படி ஒரு வார்த்தையை அந்த நேரத்தில் ஒரு பிள்ளையிடம் சொல்லலாமா? பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது.

சரோஜாம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை. மகன் பெங்களூரில் இரவு வேலை, வாரம் ஒரு முறை வருவானாம். அறையில் ஊதுபத்தி நான்கைந்து ஒன்றாகப் புகைந்தது. அதையும் மீறி அந்த வாசனை இருந்தது. பதினைந்து வருஷம் வார்டில் இருந்தவள் நான், எனக்கே மூக்குக்குப் போன கையை அடக்க வேண்டியிருந்தது. அக்ஷதாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கோடு அசையவில்லை.

“வாங்க. ஒக்காருங்க. இவ அழப்போறா, அழுதா போதும், வெளம்பரம் போட்டுருவாங்க” என்றார். டிவியைச் சொன்னார்.

விளம்பரம் வந்த பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “மேரி தொல்ல தாங்கல. அதான் சரின்னேன். யார் பாக்கப்போறது?”

“நான்தாம்மா” என்று அக்ஷதா கையுறை மாட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். துணியை உப்புநீரால் நனைத்து நனைத்து, கொஞ்சம்கூட இழுக்காமல் பிரித்தாள். சுண்டு விரல் கறுத்திருந்தது. பக்கத்தில் பாதம் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் சிவப்பு இன்னும் கணுக்காலைத் தொடவில்லை. ‘இன்னும் நேரம் இருக்கிறது, இன்றைக்கே போனால் பாதம் தப்பும்’ என்று என் மனம் கத்தியது.

அப்போதுதான் அந்தப் பெண் அதைச் செய்தாள். துணியைப் பிரித்த கையுறைகளைக் கழற்றிக் கழிவுப் பையில் போட்டாள். புதிய ஜோடியை எடுக்க வேண்டிய இடம். எடுக்கவில்லை. வெறும் கையைப் புண்ணை நோக்கி நீட்டினாள். காலையில் பெரியவர் கேட்ட கேள்வி அவள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அருவருப்பு இல்லை என்று காட்டப் போகிறாள். நான் ‘அக்ஷதா!’ என்று வாயைத் திறப்பதற்குள் சரோஜாம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“ஏய், இன்னா பண்ற? கையுறை போடும்மா!”

“இல்லம்மா, எனக்கு ஒண்ணும்...”

“உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு? எங்கெங்க தொட்ட கையோ, சொத்தயாப் போன காலுல இன்னும் ஏதாச்சும் ஏத்தி வுடவா? ஆபீஸ்ல கக்கூஸ் கழுவறதுக்கே நான் ரெண்டு ஜோடி மாத்துவேன்.”

மேரி, “அக்கா, அக்கா” என்று சமாதானப்படுத்தப் பார்த்தார். சரோஜாம்மா விடவில்லை. கோபம் ஒரு மாதமாக உள்ளேயே கிடந்திருக்கிறது, அவ்வளவும் வந்தது.

“அந்தக் கிளினிக்ல எந்த ஊருன்னு கேட்டாங்க, எந்த லைனுன்னு கேட்டாங்க. சாதி தெரிஞ்சதும் சேருல பேப்பர் போட்டாங்க. நர்ஸம்மா பஞ்ச தூக்கிப் போட்டு நீயே தொடச்சிக்கோன்னா. கிட்ட வரல. நீ இன்னாடான்னா வெறுங்கையோட கிட்ட வர்ற. அவளுக்கு அவ சாதிதான் தெரிஞ்சிது. உனக்கு உன் நல்ல மனசுதான் தெரியுது. நடுவுல என் காலு ஒண்ணு கீதே, அத்த யாரு பாக்கறது?”

வகுப்பில் நான் ‘மரியாதையைச் செயலில் காட்டுங்கள்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். இந்தப் பிள்ளை காட்டிவிட்டது. காட்டுவதற்கு ஒரு கால் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது, கதவு சாத்தப் போகிறது என்று நினைத்தேன். டிவியில் சீரியல் மறுபடி தொடங்கி யாரோ யாரையோ அறைந்தார்கள்.

அக்ஷதா எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. “தப்பு என்னோடதும்மா. கை கழுவிட்டு, புதுக் கையுறை போட்டுப் பாக்கட்டுமா? வேண்டாம்னா விட்டுடறேன்” என்றாள்.

சரோஜாம்மா ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். “சோப்பு அங்க கீது” என்றார்.

அவள் கழுவினாள், அவசரமில்லாமல், நகக்கண் வரை. புதிய கையுறை போட்டாள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னாள். வலிக்கிறதா என்று கேட்டாள். சரோஜாம்மா இல்லை என்றார். வலிக்காததுதான் கெட்ட சேதி, நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்று அவரிடம் மறைக்காமல் சொன்னாள். விரலைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், இன்றைக்கே போனால் பாதத்தைக் காப்பாற்ற வாய்ப்பு நிறைய என்றாள். கட்டு முடிந்ததும் சரோஜாம்மா காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“கோலாருக்கா போவணும்?”

“ஆமாம்மா, மாவட்ட ஆஸ்பத்திரி” என்றேன்.

“வர்றேன். இந்தப் பொண்ணும் வரணும். ஆனா டீச்சரம்மா, அங்க எனக்காக நீங்க பேசக் கூடாது. என் காலு, நான் பேசிக்கறேன்.”

முருகேசனுக்குப் போன் போட்டோம். கோலார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர், போக எழுநூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஷீலா மற்ற பத்துப் பேரையும் மாலை ரயிலில் திரும்பக் கூட்டிப் போனாள். வழி முழுக்க எனக்கு ஒரே பயம். அங்கேயும் யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால்? க்யூ நீளமாக இருந்து இவர் எழுந்து வந்துவிட்டால்? ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் குதித்தபோதும் அந்தக் காலைத்தான் பார்த்தேன். சரோஜாம்மா அக்ஷதாவிடம் அந்த சீரியலின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். முருகேசன் அவ்வப்போது திருத்தம் சொன்னார்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “என்ன ஆச்சு இவங்களுக்கு?” என்று கன்னடத்தில் கேட்டார். என் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரோஜாம்மாவைப் பார்த்தேன். அவர் சரளமான கன்னடத்தில் தொடங்கினார். செருப்பு கடித்தது, கிளினிக்கில் நடந்தது, ஏன் ஒரு மாதம் வரவில்லை என்பது, எல்லாமே. டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். சுண்டு விரலை எடுக்க வேண்டும், பாதம் பெரும்பாலும் தப்பிவிடும் என்றார்கள். மகனுக்குத் தகவல் சொல்லியாயிற்று, அவன் கிளம்பிவிட்டான்.

கிளம்பும்போது, இந்தப் பாடத்தில் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “எங்க பொண்ணு உங்களைச் சரியா பார்த்துக்கிட்டாளா சரோஜாம்மா?”

“இன்னா, மார்க் போடணுமா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். “இப்ப தெரியாது டீச்சரம்மா. இன்னிக்கி நீங்க எல்லாம் கூட கீறீங்க, வந்துட்டேன். யாரும் இல்லாதப்ப நானே ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு எனக்குத் தோணுதா பாப்பம். தோணிச்சினா இவ பாஸ். இல்லன்னா பெயில். நீங்களுந்தான்.”

கோலாரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்து அடிக்கடி இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அக்ஷதா வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். “ரிசல்ட் எப்ப வரும் மேடம்?” என்றாள். எனக்கும் தெரியாது என்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் பெங்களூரிலிருந்து தங்க வயல் பக்கமும் மாலையில் அங்கிருந்து இந்தப் பக்கமும் வந்தால் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். நேர் எதிராகப் போனால் நிற்கவும் இடமில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் தூசு அதிகம், முகமூடி வேண்டும், ஆஸ்துமா இருந்தால் வேறு மாதம் பாருங்கள். மூடிய சுரங்கங்களுக்குள் விடமாட்டார்கள், காவலாளியை நச்சரிக்காதீர்கள். மதியச் சாப்பாட்டை ராபர்ட்சன்பேட்டையில் முடித்துக்கொள்ளுங்கள். லைன் வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கதவு திறந்தே இருந்தாலும் அது ஒருவர் வீடு. மாணவர்களைக் கூட்டிப் போகிற ஆசிரியர்கள் திரும்பும் ரயிலைக் கெட்டியாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். கையுறையை எப்போது போட வேண்டும், எப்போது தேவையில்லை என்பதைப் பேருந்தில் ஏறும் முன்னே பேசிவிடுங்கள். அங்கே பார்ப்பதை எல்லாம் பண்பாடு என்று எழுதிக்கொண்டு வருவதற்கு முன்னால், இது எப்போதிலிருந்து, ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

விரலை எடுத்தார்கள். பாதம் நின்றது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு வாரா வாரம் கோலாருக்குப் போய்ப் புண்ணைக் காட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் மேரி கூடப் போனார். மூன்றாவது வாரம் மேரிக்குப் பயிற்சி வகுப்பு, வர முடியாது என்று முந்தின நாளே எனக்குத் தகவல் சொன்னார். மகனுக்கு விடுப்பு இல்லை. “அக்காகிட்ட சொல்லிட்டேன் மேடம். பாக்கலாம்னாங்க” என்றார். பாக்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு வகுப்பில் மனம் ஒட்டவில்லை. நினைவுபடுத்தலாமா? நினைவுபடுத்தினால் நான் அனுப்பியதாக ஆகிவிடும். பதினோரு மணி வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அக்ஷதாவும் இடைவேளையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். போன் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. கட் ஆனது. மறுபடி போட்டேன். நாலைந்து ரிங்குக்குப் பிறகு எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“சரோஜாம்மா, நான்தான், டீச்சர். எங்க இருக்கீங்க?”

“க்யூல நிக்கறேன் டீச்சரம்மா, இப்பதான் என் நம்பர் கூப்புடறாங்க. அப்புறம் பேசுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.